கடைசித் துளையில் உடைந்த டேப்

அன்புள்ள தம்பிக்கு,

பம்ப் கேசிங்கின் கடைசித் துளையில் மரை வெட்டும் எம் 8 டேப் உடைந்துவிட்டதாகவும், முதலாளி பார்ப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று நீ ராத்திரி முழுக்கப் பட்டறையிலேயே கிடந்ததாகவும் உன் அப்பா போனில் சொன்னார். பஞ்ச் வைத்துத் தட்டித் தட்டித் துளையின் வாய் சிதைந்து, கேசிங் ஸ்கிராப்புக்குப் போயிற்றாம். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தபோது மரை வெட்டச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். உடைந்த டேப்பை எடுப்பதைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் பாடம் நடத்துவதில்லை. கோவையில் கணபதியிலும் பீளமேட்டிலும் உன்னைப் போலப் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் எத்தனையோ பிள்ளைகளுக்கு இதே ராத்திரி வரும். அதனால் உனக்கு எழுதுவதை அவர்களும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

டேப் உடைந்தால் போவது ஒரு டேப். அதற்குப் பிறகு பதற்றத்தில் செய்கிற காரியத்தில்தான் ஜாப் போகிறது. மரை வெட்டுவது பெரும்பாலும் கடைசி ஆபரேஷன். அதற்குள் அந்தக் கேசிங் வார்ப்படச் சாலையிலிருந்து வந்து, லேத்தில் ஏறி, போரிங், ஃபேசிங் எல்லாம் முடிந்திருக்கும். நான்கைந்து பேருடைய உழைப்பு அதில் இருக்கிறது. ஆகவே டேப் உடைந்த சத்தம் கேட்டதும் சுத்தியலைத் தேடாதே. கையை எடுத்துவிட்டு மேஸ்திரியைக் கூப்பிடு. திட்டுவார், திட்டட்டும்.

இதைப் படிக்கிற முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. டேப் உடைத்தவனைப் பார்த்துக் கத்துகிற பட்டறையில் டேப் உடைவது குறையாது, மறைப்பதுதான் கூடும். உடைந்த துண்டின் மேல் லப்பம் வைத்துப் பெயின்ட் அடித்து அனுப்பிவிட்டால், ஒரு போல்ட் குறைந்த பம்ப் யாரோ ஒரு விவசாயியின் கிணற்றில் இறங்கும். பையன் பயமில்லாமல் வந்து சொல்கிற இடமாகப் பட்டறையை வைத்திருப்பது உங்கள் வேலை.

இப்போது டேப்பைப் பார். அது ஹைஸ்பீட் ஸ்டீல். கடினம் 62 முதல் 65 ராக்வெல் சி. உன் டிரில் பிட்டும் அதே ஸ்டீல்தான். அதனால் டிரில் போட்டால் பிட் டேப்பைத் தின்னாது. உடைந்த முகம் கோணலாக இருப்பதால் நழுவி, மெத்தென்று இருக்கும் துளைச் சுவர்ப் பக்கம் சாய்ந்து அதைத் தின்னும். உடைந்த போல்ட்டுக்கு நடுவில் துளை போட்டு இடதுமரை எக்ஸ்ட்ராக்டர் இறக்கி எடுப்பார்களே, அந்த வித்தை இங்கே பலிக்காததும் இதனால்தான். கார்பைடு பிட் டேப்பை வெட்டும். ஆனால் ஆட்டமில்லாத மில்லிங் மெஷினில், ஜாப்பை அசையாமல் கட்டி, பொறுமையாக இறக்க வேண்டும். கை டிரில்லில் போட்டால் கார்பைடும் உடைந்து உள்ளே நிற்கும்; ஒன்றுக்கு இரண்டாகும்.

டேப் ஏன் உள்ளே இறுகிக்கொள்கிறது என்று யோசி. பெரும்பாலும் வெட்டிய சீவல்தான் பள்ளங்களில் அடைத்துக்கொண்டு டேப்பையும் சுவரையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது. ஆகவே முதல் வேலை சீவலை எடுப்பது. துளை கீழ்நோக்கி இருக்கும்படி ஜாப்பைத் திருப்பி வை. மெல்லிய ஸ்கிரைபரால் ஒவ்வொரு பள்ளத்தையும் கிளறு. கண்ணாடி போட்டுக்கொண்டு காற்றடி. பிறகு ஜாப்பை நிமிர்த்தி, ஊடுருவும் எண்ணெய் விட்டுக் காத்திரு. டீ குடித்துவிட்டு வா. அந்தக் காத்திருப்பில் ஊறுகிற எண்ணெய் செய்வதை உன் தோள்பலம் செய்யாது.

துண்டு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் கிரிப் பிளையரால் பிடித்து, முதலில் ஒரு மயிரிழை முன்னால், பிறகு பின்னால் என்று ஆட்டு. ஒரே மூச்சில் பின்னால் முறுக்காதே. துண்டு உள்ளே இருந்தால் டேப் எக்ஸ்ட்ராக்டர் வேண்டும். அதற்கு டேப்பின் பள்ளங்களுக்குள் இறங்குகிற மெல்லிய விரல்கள் இருக்கும். மூன்று பள்ளமா நான்கு பள்ளமா என்று எண்ணிப் பொருத்தமானதை எடு. விரல்களை அடிவரை இறக்கி, வளையத்தை ஜாப்பின் முகத்தோடு ஒட்டித் தள்ளி, அதே முன்னும் பின்னுமான ஆட்டம். விரல் முறுக ஆரம்பித்தால் அத்தோடு நிறுத்து. டேப் உள்ளே சில்லுச் சில்லாகச் சிதறியிருந்தால் எக்ஸ்ட்ராக்டருக்கு அங்கே வேலையில்லை.

ஆர்கான் வெல்டிங் வைத்துத் துண்டின் மேல் நட் ஒட்டித் திருப்புகிற முறையை எல்லோரும் சொல்வார்கள். உடைந்த ஸ்டட்டுக்கு அது அருமையான முறை. டேப் ஸ்டீல் வெல்டிங்கை நன்றாக ஏற்காது. பல நேரம் ஆறும்போதே விரிசல் விட்டு நட் மட்டும் கையோடு வரும். எம் 12-க்கு மேலே, வெல்டர் கை சுத்தமாக இருந்தால் ஒருமுறை முயலலாம்.

ஜாப் அலுமினியமோ பித்தளையோ என்றால் உனக்கு ஒரு சாந்தமான வழி இருக்கிறது. படிகாரம். திருஷ்டிக்கு வாசலில் கட்டுகிறோமே, சலூனில் சவரம் முடிந்ததும் தேய்ப்பார்களே, அதே கட்டிதான். சுடுதண்ணீரில் கரைகிற மட்டும் படிகாரத்தைக் கரைத்து, ஜாப்பை அதில் முக்கி, கொதிக்கும் பதத்தில் வைத்திரு. அந்தக் கரைசல் இரும்பை அரிக்கும்; அலுமினியத்தையும் பித்தளையையும் ஏறக்குறையத் தொடாமல் விட்டுவிடும். பித்தளைத் தகட்டில் உடைந்த எஃகுத் திருகாணிகளைக் கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் நெடுங்காலமாக இப்படித்தான் எடுக்கிறார்கள். டேப்பைச் சுற்றிக் குமிழி வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். ஹைஸ்பீட் ஸ்டீல் மெதுவாகத்தான் கரையும். மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் ஆகும். அவ்வப்போது கரும்சேற்றைக் கழுவிவிட்டுப் புதுக் கரைசல் ஊற்று. டேப் மெலிந்ததும் தானாக உதிரும். இரும்புச் சட்டியில் வைக்காதே, சட்டி ஓட்டையாகும். கண்ணாடியோ பீங்கானோ எடு. ஜாப்பில் எஃகு புஷ், டவல் பின், பேரிங் எது இருந்தாலும் முன்னாலேயே கழற்றிவிடு. வார்ப்பிரும்புக் கேசிங்கை இதில் போட்டால் கேசிங்கையே அரித்துவிடும். நைட்ரிக் ஆசிட் முறையைப் பழைய புத்தகங்களில் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள், செய்யாதே. அது இரும்பு ஜாப்பின் மரையையும் சேர்த்துத் தின்னும். அதன் புகை உன் நெஞ்சையும் தின்னும்.

வார்ப்பிரும்பு, எஃகு ஜாப்புகளுக்கு நான் நம்புவது ஸ்பார்க் மெஷினைத்தான். 1940-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஸ்டார்க், ஹார்டிங், பீவர் என்ற மூன்று பொறியாளர்கள், அலுமினிய வார்ப்புகளில் உடைந்த டேப்பையும் டிரில் பிட்டையும் எடுக்க வழி தேடித்தான் மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் மெஷினைச் செய்தார்கள். அதே காலத்தில், 1943-இல், மாஸ்கோவில் லசரென்கோ தம்பதி தனியாக இதே வித்தையைக் கண்டார்கள். இன்று டையும் மோல்டும் செய்கிற ஒரு பெரிய தொழில் இதன்மேல் நிற்கிறது. உன்னை அழவைத்த அதே சிக்கல்தான் அதன் ஒரு தாய்வேர். அந்த நினைப்பு எனக்கு எப்போதும் தெம்பு தருகிறது, உனக்கும் தரட்டும்.

பொறிக்குக் கடினம் ஒரு பொருட்டில்லை. மின்சாரம் பாய்ந்தால் போதும். மண்ணெண்ணெயிலோ அதற்கென உள்ள எண்ணெயிலோ ஜாப்பை மூழ்க வைத்து, செப்புக் கம்பியை டேப்புக்கு நேராக இறக்குவார்கள். இரண்டும் தொடாமலே இடையில் பொறி பறந்து டேப்பைத் துகள் துகளாக எடுக்கும். எம் 8 துளையில் மரையின் உள்விட்டம் ஏறக்குறைய 6.6 மி.மீ.; கம்பி 4 மி.மீ. அளவில் இருந்தால் டேப்பின் நடுத்தண்டு மட்டும் எரிந்துபோகும். பல் உள்ள பக்கங்கள் தனித்தனித் துண்டாகி, ஊசியால் நெம்பினால் வந்துவிடும். மரைக்கு ஒரு கீறலும் விழாது. ஆனால் ஒன்று: துளை கெடாமல் வந்தால்தான் ஸ்பார்க்காரர் கம்பியை நடுவில் நிறுத்த முடியும். தட்டிச் சிதைத்து, பாதி டிரில் போட்டு, மேலே வெல்டிங் பூசிக் கொண்டுபோய் நின்றால் அவர் முகத்தைப் பார்க்கவே உனக்குக் கூச்சமாக இருக்கும். மலிவான பிராக்கெட்டில் எம் 4 டேப் உடைந்தால் இவ்வளவும் வேண்டாம். ஜாப்பைத் தூக்கிப் போடு, மேஸ்திரியைக் கேட்டுவிட்டு.

உடையாமல் இருக்கவும் கொஞ்சம் சொல்கிறேன். எம் 8-க்கு 6.8 டிரில். "6.5 போட்டா மரை நல்லா ஏறும்ணே" என்று பக்கத்து பெஞ்ச் சொல்லும், கேட்காதே. 6.8-இல் மரையின் ஆழம் ஏறக்குறைய 74 சதவீதம், 6.5-இல் 92. பிடிப்பு பெரிதாகக் கூடிவிடாது. டேப்பின்மேல் விழும் முறுக்குச் சுமைதான் வெகுவாகக் கூடும். அடி மூடிய துளையில் மரை வேண்டிய ஆழத்தைவிடத் தாராளமாக டிரில் இறக்கு. சீவலை மேலே இழுக்கிற சுருள்பள்ள டேப் அங்கே நல்லது. கையால் வெட்டும்போது அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். ஹேண்டிலைத் திருப்பியும் கீழே டேப் நகராமல் ஸ்பிரிங்காகத் திரும்பி வருகிற உணர்வு இருக்கிறதே, உடைவதற்கு முந்தைய எச்சரிக்கை அதுதான். அங்கே நின்றுவிடு, வெளியே எடுத்துச் சுத்தம் செய். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய், எஃகுக்குக் கட்டிங் ஆயில். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தேய்க்கத் தேய்க்க இறுகும். அதில் மழுங்கின டேப்பைத் தொடவே தொடாதே.

துண்டு வெளியே வந்தபின் அவசரப்பட்டு போல்ட் போட்டுப் பார்க்காதே. புது டேப்பைக் கையால் மட்டும் மெதுவாக ஓட்டிச் சுத்தம் செய், கோ-நோகோ கேஜ் விட்டுப் பார். நோகோ இறங்கினால் மரை போய்விட்டது. அப்போது ஹெலிகாயில் என்கிற கம்பிச்சுருள் மரை போடலாம்; அதன் செட்டிலேயே அதற்குரிய டிரில்லும் டேப்பும் வரும், உன் வழக்கமான டேப்பை அதற்குப் போடாதே. எந்தத் துளையில் போட்டாய் என்று ஜாப் கார்டில் எழுது. பார்ட்டிக்குத் தெரிவிக்கச் சொல். அவர் ஒப்புக்கொண்ட பிறகே வண்டியில் ஏற்று.

அன்புடன்,
பழைய டூல்ரூம் ஃபிட்டர் ஒருவர்