இணைப்பு வாசகம் எழுதுவது எப்படி? வில்கமுவ இணையப் பக்கத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாத்தளை மாவட்டத்தின் வில்கமுவவில் ஒரு பாடசாலைக்கோ, கமக்காரர் சங்கத்துக்கோ, வஸ்கமுவ வரும் பயணிகள் தங்கும் விடுதிக்கோ இணையத்தளம் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "இங்கே அழுத்தவும்" என்று எழுதி அதில் ஒரு முகவரியைக் கோர்த்துவிட்டால் வேலை முடிந்ததாகத் தோன்றும். வாசிப்பவருக்கோ, அழுத்திப் பார்க்காமல் உள்ளே இருப்பது என்னவென்று தெரியாது.

1. இணைப்புகளை மட்டும் தனியே கேட்டுப் பாருங்கள்

பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் மூலம் பக்கத்தைக் கேட்கிறார்கள். என்விடிஏ என்ற இலவச மென்பொருளில் இன்சர்ட், எஃப்7 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் பக்கத்திலுள்ள இணைப்புகள் மட்டும் பட்டியலாக வரும். சுற்றியுள்ள வசனங்கள் வரமாட்டா. "இங்கே, இங்கே, மேலும் வாசிக்க, இங்கே" என்று ஒலிக்கும் பட்டியலால் எவருக்கும் பயனில்லை.

இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008இல் வெளியிட்ட டபிள்யூசிஏஜி 2.0 என்ற அணுகல்தன்மை வழிகாட்டி இதை அடிப்படை நிலையான 'ஏ'யிலேயே வைத்தது: இணைப்பின் நோக்கம் அதன் வாசகத்திலிருந்தோ, வாசகமும் சூழலும் சேர்ந்தோ விளங்க வேண்டும். வாசகம் மட்டுமே போதுமாக இருப்பது 'ஏஏஏ' நிலை. தொடக்கத்திலிருந்தே அந்த உயர்ந்த நிலைக்கு எழுதிப் பழகுங்கள் என்பதே என் ஆலோசனை. கூடுதலாகத் தேவைப்படுவது இரண்டு மூன்று சொற்கள்தான்.

2. போய்ச் சேரும் இடத்தைத் துல்லியமாகச் சொல்லுங்கள்

தெளிவாக எழுதிய இணைப்பும் பிழையாக இருக்கலாம். வில்கமுவவில் பிரதேச செயலகமும் உண்டு, பிரதேச சபையும் உண்டு. பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிக்குச் செயலகத்துக்குப் போக வேண்டும். கட்டட அனுமதிக்குச் சபைக்குப் போக வேண்டும். "பிரதேச அலுவலகம்" என்று பொதுவாக எழுதினால், பஸ் ஏறி வந்த ஒருவர் தவறான கருமபீடத்தில் நிற்க நேரும். "வில்கமுவ பிரதேச செயலகம்: பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி" என்று முழுமையாக எழுதுங்கள்.

ஊர்ப்பெயரிலும் கவனம் தேவை. இங்குள்ள ஹெட்டிப்பொலவைப் போலவே குருநாகல் மாவட்டத்திலும் ஒரு ஹெட்டிப்பொல இருக்கிறது. வரைபட இணைப்பில் "ஹெட்டிப்பொல, மாத்தளை மாவட்டம்" என்று போடாவிட்டால் வெளியூர்ப் பயணி எங்கோ போய்விடுவார். வில்கமுவ பிரதேசத்தையும், 1984இல் அறிவிக்கப்பட்ட வஸ்கமுவ தேசிய பூங்காவையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. இரண்டுக்கும் தனித்தனி இணைப்பு கொடுங்கள்.

3. தமிழ்ச் சொல்லை நடுவில் வெட்டாதீர்கள்

தமிழில் எழுதும்போது தனியாக வரும் சிக்கல் இது. யானைப் பிரச்சினை உள்ள இந்தப் பகுதியில் இப்படி ஒரு வசனம் வரலாம்: "யானையால் வீடு சேதமடைந்தால் விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கவும்." இதில் "படிவ" வரை மட்டும் இணைப்பாக்கினால் திரைவாசிப்பான் "படிவ" என்று நிறுத்தி, "த்தை" என்று தனியாக வாசிக்கக்கூடும். முழுச் சொல்லையும் இணைத்தாலோ, பட்டியலில் "விண்ணப்பப் படிவத்தை" என்று அந்தரத்தில் தொங்கும்.

வேற்றுமை உருபு ஒட்டாதபடி வசனத்தையே மாற்றுங்கள். "யானையால் வீடு சேதமடைந்தவர்கள் நிரப்ப வேண்டியது: யானைச் சேத இழப்பீட்டு விண்ணப்பப் படிவம்." கடைசி ஐந்து சொற்களையும் இணைப்பாக்கலாம். வசனத்திலும் பொருந்தும், தனியே நின்றாலும் பொருள் தரும்.

4. மொழியையும் கோப்பின் அளவையும் குறிப்பிடுங்கள்

படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தால் இணைப்பிலேயே சொல்லிவிடுங்கள்: "விண்ணப்பப் படிவம் (சிங்களம், பிடிஎஃப், 4 எம்பி)". கைபேசியில் டேட்டா போட்டுப் பார்ப்பவருக்கு அந்த அளவு முக்கியம். சிங்களப் பக்கத்துக்கு மாறும் இணைப்பைச் சிங்கள எழுத்திலேயே எழுதுங்கள்; அதைத் தேடுபவர் தமிழ் வாசிக்காதவராக இருக்கலாம்.

5. வெளியிடுவதற்கு முன்பும் பின்பும்

இணைப்பு வாசகங்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, தளத்தைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து, ஒவ்வொன்றும் எங்கே போகும் என்று கேளுங்கள். அவர் தடுமாறும் வாசகத்தைத் திருத்துங்கள். ஒரே வாசகம் இரண்டு வெவ்வேறு இடங்களுக்குப் போனால் ஒன்றையாவது மாற்றியே ஆக வேண்டும்.

கட்டணத் தொகையை வாசகத்தில் எழுதாதீர்கள், அது மாறும். "புதிய சுற்றறிக்கை" என்பதற்குப் பதிலாக ஆண்டையும் இலக்கத்தையும் எழுதுங்கள். இணைத்த கோப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் வாசகத்தையும் சரிபாருங்கள்.