தெருவை ஆராய யாரிடம் அனுமதி கேட்பது?

கேள்வி: எங்கள் தெருவுக்குத் தண்ணீர் எப்போதாவதுதான் வருகிறது, பக்கத்து லேஅவுட்டுக்குத் தினமும். கல்லூரி மாணவிகள் நாங்கள் சேர்ந்து கணக்கெடுக்க நினைக்கிறோம். “ஆராய்ச்சியெல்லாம் பெரிய படிப்பு படித்தவர்கள் வேலை” என்கிறார் அப்பா.
- வாசகி, பொம்மசந்திரா

பதில்: தயங்காமல் இறங்குங்கள் அம்மா. மும்பையில் பிறந்த தமிழ்க் குடும்பத்து மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை, ஆராய்ச்சி எல்லோருக்குமான உரிமை என்று 2006இல் கட்டுரையே எழுதினார். அவர் தொடங்கிய ‘புகார்’ அமைப்பு, மும்பை இளைஞர்களைக் குழுக்களாகச் சேர்த்துத் தங்கள் பகுதியைத் தாங்களே ஆராயப் பழக்கியது. உங்கள் கர்நாடகத்திலேயே, 1990இல் உருவான பீமா சங்கத்தின் உழைக்கும் சிறுவர்கள் ஊர்க் குறைகளைத் திரட்டிப் பஞ்சாயத்தின் முன் வைத்தார்கள்.

ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், பிடித்த குடங்கள், டேங்கருக்குக் கொடுத்த பணம். ஒரு மாதமாவது எழுதுங்கள். பக்கத்து லேஅவுட்டிலும் இதே கணக்கு வேண்டும். ஒப்பீடு இல்லாவிட்டால் வெறும் புலம்பல் என்று தள்ளிவிடுவார்கள். ஷிப்டுக்குப் போகும் வெளிமாநிலத் தொழிலாளர்களின் வாடகை அறைகளை விட்டுவிடாதீர்கள். பகலில் பூட்டிக் கிடக்கும் அந்தக் கதவுகள்தான் எல்லாக் கணக்கெடுப்பிலும் விடுபடுகின்றன.

எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் விடுகிறார்கள் என்று உங்கள் ஊர் நகராட்சியான புரசபையிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். கர்நாடக விதிப்படி மனு ஒரே விஷயத்தைப் பற்றி, 150 வார்த்தைக்குள் இருக்கட்டும். இதற்கெல்லாம் முன், வீடு வீடாகக் கேட்கப்போகும் கேள்வித்தாளைக் குடம் தூக்கும் பெண்களிடம் காட்டித் திருத்தச் சொல்லுங்கள்.