காரில் அலாரம் எச்சரிக்கை மறையவில்லையா? முழுமையான வழிகாட்டி

காரை ஸ்டார்ட் செய்கிறோம். மீட்டரில் மற்ற விளக்குகள் எல்லாம் அணைந்துவிடுகின்றன. 'அலாரம் சிஸ்டம் சர்வீஸ் ரிக்வயர்டு' என்றோ 'செக் அலாரம்' என்றோ ஒரு வரி மட்டும் நிற்கிறது. ஓகே பட்டனை அழுத்தினால் போகிறது, அடுத்த முறை இக்னிஷன் போட்டதும் திரும்ப வருகிறது. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனாலும் மனதுக்குள் ஒரு உறுத்தல்.

பயப்பட வேண்டாம். இந்தச் செய்திக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது சோர்ந்துபோன ஒரு பேட்டரி அல்லது அழுக்கேறிய ஒரு சின்ன சுவிட்ச். முக்கால்வாசிச் சோதனைகளை வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம். செலவு குறைவானதை முதலில் பார்ப்போம், பெரிய செலவைக் கடைசிக்குத் தள்ளுவோம். இந்த வரிசையை மாற்றாமல் போனாலே பாதிப் பணம் மிச்சம்.

முதலில், செய்தி என்ன சொல்கிறது?

போனை எடுத்து மீட்டரை ஒரு போட்டோ எடுத்துக்கொள்வோம். எழுத்தை அப்படியே வைத்துக்கொள்வது முக்கியம், ஏனென்றால் அலாரம் சம்பந்தமாக வரும் செய்திகள் ஒரே வகை அல்ல.

'அலாரம் டிரிகர்டு' என்று வந்தால், நாம் இல்லாத நேரத்தில் அலாரம் அடித்திருக்கிறது என்று பொருள். சிஸ்டம் நன்றாக இருக்கிறது. எது அதை எழுப்பியது என்றுதான் தேட வேண்டும். 'சர்வீஸ்', 'ஃபால்ட்', 'செக்' போன்ற சொற்கள் வந்தால் சிஸ்டத்துக்குள்ளேயே ஏதோ சரியில்லை. 'கீ பேட்டரி லோ' என்றால் கையில் இருக்கும் ரிமோட்டைப் பற்றிய செய்தி, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கார் படத்துக்குள் சாவியோ பூட்டோ இருக்கும் விளக்கு இம்மொபிலைசருக்கு உரியது. சாவியில் உள்ள சிப்பை அடையாளம் காண்பது இம்மொபிலைசரின் வேலை. அதில் கோளாறு வந்தால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது, அல்லது ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுவிடும். அந்த விளக்கு விடாமல் எரிந்தால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு, இரண்டு சாவியையும் எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போவதுதான் சரி.

வண்டியைப் பூட்டியதும் மெதுவாக மின்னும் சிவப்புப் புள்ளி கோளாறு அல்ல. அலாரம் காவல் காக்கிறது என்பதற்கான அடையாளம் அது.

செய்தி எப்போது வருகிறது என்பதையும் குறித்துக்கொள்வோம். மழைக்குப் பிறகா? வண்டியை ஒரு வாரம் எடுக்காமல் விட்ட பிறகா? பேட்டரி மாற்றிய மறுநாளா? இந்த ஒரு குறிப்பு மெக்கானிக்குக்கு அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

கையில் என்ன வேண்டும், எவ்வளவு ஆகும்?

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, 300 முதல் 800 ரூபாய்க்குள் கிடைக்கும். கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே ஒன்று, சுமார் 300 ரூபாய். ஒரு ஸ்க்ரூடிரைவர், பழைய டூத் பிரஷ், டார்ச். ஆர்வம் இருந்தால் புளூடூத் ஓபிடி அடாப்டர், 500 ரூபாயிலிருந்து. வண்டியோடு வந்த ஓனர்ஸ் மேனுவலையும் டேஷ்போர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வோம்.

படி 1: ரிமோட் பேட்டரி

பெரும்பாலான ரிமோட்களில் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரி இருக்கும், 3 வோல்ட். சிலவற்றில் வேறு எண். பழையதின் முதுகில் எழுதியிருப்பதைப் பார்த்து அதையே வாங்குவோம். 50 முதல் 100 ரூபாய். பூட்டும்போது இரண்டு மூன்று முறை அழுத்த வேண்டியிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. பிறகு பீரோவில் தூங்கும் ஸ்பேர் சாவியாலும் ஒருமுறை பூட்டித் திறந்து பார்ப்போம். ஒரு சாவியில் மட்டும் தொல்லை என்றால் கோளாறு வண்டியில் இல்லை.

படி 2: கார் பேட்டரி

இங்கே அவசரம் வேண்டாம். 'அலாரம் மாட்யூல் போயிருக்கு, மாத்தணும்' என்று யார் சொன்னாலும், பேட்டரியை அளக்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். பேட்டரி வோல்டேஜ் இறங்கும்போது காருக்குள் இருக்கும் சின்னச் சின்ன கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று சரியாகப் பேசாது. உண்மையான கோளாறு பேட்டரியில் இருக்க, செய்தி அலாரத்தின் பெயரில் வரும்.

வண்டியை இரவு முழுக்க நிறுத்திவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் அளப்போம். மல்டிமீட்டரை டிசி 20 வோல்டில் வைத்து, சிவப்பு முனையைப் பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸிலும் தொடுவோம்.

12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதிதான்; சார்ஜ் ஏற்ற வேண்டும். 12-க்குக் கீழே போனால் மற்ற எந்தச் சோதனைக்கும் இப்போது அர்த்தமில்லை. அடுத்து எஞ்சினை ஓடவிட்டு அளப்போம். பொதுவாக 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். எஞ்சின் ஓடியும் 12-லேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை.

டெர்மினலையும் பார்ப்போம். வெள்ளையும் பச்சையுமாகப் பொடி படிந்திருந்தால், மெக்கானிக்குகள் சொல்வதுபோல 'பூத்துப்போயிருக்கு'. வெந்நீரில் சமையல் சோடா கலந்து டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, காய்ந்ததும் கிளாம்ப்பை இறுக்கினால் போதும். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

நம் ஊர் வெயிலில் பேட்டரிக்கு மூன்று நான்கு வருடம் என்பது சாதாரண ஆயுள். அதைத் தாண்டியிருந்தால் மாற்றிவிடுவதே நல்லது. சிறிய காருக்குச் சுமார் 4,000 முதல் 6,000 ரூபாய் ஆகும். டீசல் மற்றும் பெரிய வண்டிகளுக்கு அதைவிடக் கூடும். பழைய பேட்டரியைக் கொடுத்தால் விலையில் கழிப்பார்கள், கேட்டு வாங்குங்கள்.

படி 3: கதவும் பானட்டும்

கதவு, டிக்கி, பானட் ஒவ்வொன்றிலும் மூடியிருக்கிறதா என்று சொல்லப் பெரும்பாலும் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. இப்போதைய வண்டிகளில் அது பூட்டின் உள்ளேயே ஒளிந்திருக்கும். தூசியும் ஈரமும் அதிகம் சேர்வது பானட் பூட்டில்தான். அடைமழைக்குப் பிறகு நள்ளிரவில் அலறும் வண்டிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் அது.

சோதிப்பது எளிது. டிரைவர் கதவைத் திறந்து வைப்போம். கதவின் ஓரத்தில் கொக்கி போன்ற லாட்ச் இருக்கும். ஸ்க்ரூடிரைவரால் அதைத் தள்ளினால் 'டக், டக்' என்று இரண்டு சத்தம். காரைப் பொறுத்தவரை கதவு இப்போது மூடிவிட்டது. மீட்டரில் 'கதவு திறந்திருக்கிறது' விளக்கு அணைய வேண்டும். அணையவில்லை, அல்லது விட்டு விட்டு எரிகிறது என்றால் குற்றவாளி கிடைத்துவிட்டது. இதையே எல்லாக் கதவுகளுக்கும், டிக்கிக்கும், பானட்டுக்கும் செய்வோம்.

ஒரு விஷயத்தை மறக்கவே கூடாது. சோதனை முடிந்ததும் கைப்பிடியை இழுத்து, பானட் என்றால் உள்ளே இருக்கும் லிவரை இழுத்து, லாட்ச்சைப் பழைய நிலைக்குத் திறந்துவிட்ட பிறகுதான் மூட வேண்டும். மறந்து அறைந்தால் தகடு வளையும், டிங்கரிங் செலவு வரும்.

அழுக்கு தெரிந்தால் கான்டாக்ட் கிளீனரை லாட்ச்சுக்குள் அடித்து, பத்துப் பதினைந்து முறை அசைத்து, காயவிட்டு, கொஞ்சம் கிரீஸ் தடவுவோம். பலருக்கு இங்கேயே வேலை முடிந்துவிடும். முடியவில்லை என்றால் சுவிட்ச்சையோ லாட்ச்சையோ மாற்ற வேண்டியிருக்கும். சுவிட்ச் தனியாகக் கிடைத்தால் சில நூறு ரூபாய், லாட்ச்சோடு சேர்ந்து வந்தால் ஆயிரங்களில்.

பானட்டைத் திறந்த கையோடு எலி வேலையையும் பார்த்துவிடுவோம். அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் நிற்கும் வண்டிகளில் ஒயர் கடிபடுவது சர்வ சாதாரணம். டார்ச் அடித்து, உறை உரிந்து செம்பு தெரியும் ஒயர், புழுக்கை, இழுத்து வைத்த பஞ்சு இருக்கிறதா என்று தேடுவோம்.

படி 4: உள்ளே அசைவைப் பார்க்கும் சென்சார்

எல்லா வண்டியிலும் இது இருக்காது. இருந்தால் கூரையில், உள் விளக்கின் அருகே அல்லது பக்கத் தூணில் சிறிய துளைகளாகத் தெரியும். ஒலியலை அனுப்பி, திரும்பி வருவதை வைத்து உள்ளே யாராவது அசைகிறார்களா என்று கண்டுபிடிக்கும். கண்ணாடியில் தொங்கும் பொம்மையும் மணியும், விரல் அளவு இறக்கி வைத்த ஜன்னலும் இதை ஏமாற்றப் போதும். தொங்குவதைக் கழற்றி, ஜன்னலை முழுக்க ஏற்றி, இரண்டு இரவு பார்ப்போம். நாய்க்குட்டியை உள்ளே விட்டுச் சற்று இறங்குபவர்கள், சென்சாரை மட்டும் தற்காலிகமாக அணைக்கும் பட்டன் இருக்கிறதா என்று மேனுவலில் பார்க்கலாம்.

படி 5: காரிடமே கேட்போம்

ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதுதான் ஓபிடி போர்ட். அடாப்டரைச் செருகி, போனில் ஆப் திறந்து, கோளாறு எண்ணைப் படிக்கலாம். 'பி' எழுத்தில் தொடங்கும் எண்களில் குழப்பம் வேண்டாம்: ஆங்கிலத்தில் எஞ்சினுக்கு உரிய 'பி' (P) வேறு, பாடிக்கு உரிய 'பி' (B) வேறு. அலாரம் பாடி பக்கத்தைச் சேர்ந்தது.

மலிவான அடாப்டர்கள் பெரும்பாலும் எஞ்சின் எண்களோடு நின்றுவிடும். ஆப் 'கோளாறு ஏதும் இல்லை' என்று சொல்வதை வைத்து அலாரம் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. நல்ல ஸ்கேனர் வைத்திருக்கும் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் 500 முதல் 1,500 ரூபாய் கொடுத்து எல்லா மாட்யூல்களையும் ஸ்கேன் செய்யச் சொல்லி, அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குவோம். வேலை முடிந்த பிறகும் எண்ணை அழிக்காவிட்டால் சில வண்டிகளில் செய்தி நின்றுகொண்டே இருக்கும்.

படி 6: சைரன்

இதுவரை எல்லாம் சரி, செய்தி மட்டும் போகவில்லை என்றால் சைரனைச் சந்தேகிக்கலாம். ஹாரனையே அலாரமாகப் பயன்படுத்தும் சிறிய கார் என்றால் இந்தப் படி வேண்டாம்.

பல ஐரோப்பிய கார்களில் சைரனுக்கென்று தனி பேட்டரி உண்டு. திருடன் கார் பேட்டரி ஒயரை வெட்டினாலும் கத்த வேண்டும் அல்லவா? அதற்காகச் சைரன் பெட்டிக்குள்ளேயே சின்ன ரீசார்ஜபிள் செல்களை சாலிடர் செய்து வைத்திருப்பார்கள். வருடங்கள் போகப் போக அவை சார்ஜ் பிடிக்காது, பிறகு கசியும். 2000-களில் வந்த வோல்வோ எஸ்60, வி70, எக்ஸ்சி90 கார்களில் அலாரம் சர்வீஸ் செய்தி வருவதற்கு நன்கு அறியப்பட்ட காரணம் இதுதான். செகண்ட் ஹேண்டில் இப்படி ஒரு வண்டி வாங்கியவர்கள் இந்தப் பத்தியைக் குறித்துக்கொள்ளலாம்.

சைரன் பெட்டியைக் கழற்றித் திறந்து பார்த்தால் கதை தெரிந்துவிடும். செல்களின் ஓரத்தில் பச்சையும் வெள்ளையுமாக உப்பு பொங்கியிருக்கும். அது வழிந்த இடத்தில் சர்க்யூட் போர்டின் செம்புக் கோடுகள் கறுத்து அரித்திருக்கும். போர்டு பிழைத்திருந்தால், ஒரு நல்ல எலெக்ட்ரானிக்ஸ் கடையில் அதே வோல்டேஜ், அதே அளவு செல்களை மாற்றி, மூடியை சிலிக்கோன் வைத்து நீர் புகாமல் ஒட்டிவிடலாம். செல்லுக்கும் கூலிக்கும் சேர்த்து ஆயிரம் ரூபாய் சுற்றில் முடியும். போர்டு அரித்துப்போயிருந்தால் புதுச் சைரன்தான். இறக்குமதி வண்டிக்கு விலை கூடுதல், எனவே எழுத்தில் எஸ்டிமேட் வாங்கிய பிறகே ஆர்டர். சில மாடல்களில் புதியதைப் பொருத்திய பின் கம்பெனி சாஃப்ட்வேரில் பதிவு செய்ய வேண்டியிருக்கும். அந்தக் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்போம்.

சைரன் பெரும்பாலும் பானட்டுக்குள் ஒரு மூலையிலோ முன் சக்கரத்துக்கு மேலுள்ள பிளாஸ்டிக் உறைக்குப் பின்னாலோ இருக்கும். சக்கரத்தைக் கழற்றும் நிலை வந்தால், வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் கை விடாதீர்கள். ஸ்டாண்டு வேண்டும், இல்லையென்றால் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுவோம்.

வெளிக்கடையில் பொருத்திய அலாரமா?

ஆக்சஸரிஸ் கடையில் போட்ட சென்ட்ரல் லாக் அலாரம் என்றால் கணக்கு வேறு. லாரி போனாலும் தீபாவளிப் பட்டாசு வெடித்தாலும் அது கத்தும். அதன் ஷாக் சென்சாரில் ஒரு சிறிய திருகு இருக்கும். கால் திருப்பு குறைத்து, கண்ணாடியைக் கையால் தட்டிச் சோதிப்போம். அந்த அலாரத்தைப் பொருத்துவதற்காகக் கம்பெனி ஒயரை வெட்டி டேப் சுற்றியிருந்தால் கம்பெனி அலாரச் செய்தியும் வரலாம். அந்த இணைப்புகளைச் சாலிடர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டுச் சரி செய்யச் சொல்ல வேண்டும்.

எதில் கவனம்?

பேட்டரி ஒயரைக் கழற்றும் முன் மேனுவலைப் பாருங்கள். தனி பேட்டரி உள்ள சைரன், ஒயர் விலகியதும் திருட்டு என்று நினைத்து அலறும். பழைய வண்டிகளில் ஸ்டீரியோ கோடு கேட்கும். சாவியை டிக்கிக்குள் வைத்துவிட்டு மின்சாரத்தைத் துண்டித்தால் திறப்பது பெரும்பாடு.

ஃபியூஸைப் பிடுங்கி வாயடைக்கச் சொல்பவர்கள் உண்டு. பல வண்டிகளில் அதே ஃபியூஸில் வேறு வேலைகளும் ஓடும். வண்டியும் காவல் இல்லாமல் நிற்கும். வாரண்டி இருக்கும்போது எந்த ஒயரையும் வெட்ட அனுமதிக்காதீர்கள். ஸ்பேர் சாவியைப் பத்திரப்படுத்துங்கள். வண்டி திருடுபோனால் இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டு சாவியையும் கேட்கும்.

ஒர்க்‌ஷாப்பில் விடும்போது

போட்டோ, செய்தி வரும் நேரம், அளந்த வோல்டேஜ், ஸ்கேன் அறிக்கை நான்கையும் சர்வீஸ் அட்வைசரிடம் கொடுப்போம். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்வோம்.

வண்டியை எடுக்கும் முன் அங்கேயே ஒரு சோதனை. டிரைவர் ஜன்னலை இறக்கி, ரிமோட்டால் பூட்டி, சிவப்புப் புள்ளி மெதுவாக மின்னும் வரை ஒரு நிமிடம் காத்திருப்போம். பிறகு ஜன்னல் வழியாகக் கையை விட்டு உள்ளிருந்து கதவைத் திறந்தால் அலாரம் அடிக்க வேண்டும். அடித்தால் ரிமோட்டில் நிறுத்திவிட்டு, இக்னிஷன் போட்டு மீட்டரைப் பார்த்து, அதன் பிறகு பில்லுக்குப் பணம் கட்டுவோம்.