வைர அணி: வரைவு முதல் மெருகு வரை

மதுரை மாநகரின் மணிக்கடை வீதியை இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் விரிவாகக் காட்டுகிறார். கவுந்தியடிகளிடம் விடைபெற்று நகர் காணச் சென்ற கோவலன், நவமணிகள் விற்கும் வீதியையும் நால்வகைப் பொன் விற்கும் வீதியையும் கண்டு மகிழ்கிறான். அங்கு வைரத்தைக் கூறுமிடத்து அடிகள் அதன் ஒளியைப் புகழ்வதோடு அமையவில்லை. காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்னும் நான்கு குற்றங்கள் நீங்கியதே நல்ல வைரம் என்று இலக்கணமும் வகுக்கிறார். அதே நகரில், ஒரு சிலம்பின் உள்ளே இருந்த பரல் முத்தா மாணிக்கமா என்று பாராமல் தீர்ப்பு வழங்கியதால் குற்றமற்ற ஓர் உயிர் மாய்ந்தது.

இவ்விரு செய்திகளும் நமக்கு ஒரு பாடத்தைத் தருகின்றன. அணிகலனின் உண்மை அதன் உள்ளே இருக்கிறது. அது செய்யப்படும் முறையை அறிந்தவரே உள்ளே பார்க்க வல்லவர். நம் குடும்பங்களில் மணமகளுக்கு வைரத்தோடும் மூக்குத்தியும் வாங்குவோர் பல ஆண்டுச் சேமிப்பை அதில் செலவிடுகின்றனர். ஆதலின் இம்முறையைப் படிப்படியாகக் காண்போம்.

கல் தேர்வும் வரைவும்

கைத்தொழிலாகச் செய்யும் வைர அணிக்குக் கல்லே முதல். கல்லின் அளவுக்கேற்பவே வரைவு அமையும். சான்றாக ஏழுகல் தோட்டில் நடுவில் ஒரு கல்லும் சுற்றிலும் ஆறு கற்களும் இருக்கும். ஓர் இணைக்குப் பதினான்கு கற்கள் வேண்டும். அவை நிறத்திலும் பட்டையிலும் பருமனிலும் ஒத்திருத்தல் வேண்டும். ஒன்று மஞ்சள் சாயல் கொண்டதாயினும் மற்றவற்றின் அழகு குன்றும். கற்களைத் தேர்ந்த பின்னர், அணியின் உண்மையான அளவிலேயே தாளில் வரைந்து, கற்களை அதன்மேல் பரப்பிப் பார்ப்பர்.

வைரத்தின் எடை காரட் என்னும் அளவையால் குறிக்கப்படும். ஒரு காரட் 200 மில்லிகிராம் ஆகும். அதில் நூற்றில் ஒரு பங்கு ஒரு சென்ட். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியால் நோக்கினால் கல்லின் உள்ளே உள்ள வெடிப்பு, புள்ளி, கோடு, மங்கல் ஆகியவை தென்படும். காக்கைக் கால் போன்ற வெடிப்பு, கறை, புள்ளி, கீற்று என இளங்கோவடிகள் எண்ணிய குற்றங்களையே இன்றைய மணி நூலாரும் வேறு பெயர்களால் தேடுகின்றனர். இக்குற்றங்கள் கல்லின் வலிமையையும் விலையையும் குறைக்கும். அவை குடும்பத்துக்குக் கேடு சூழும் என்று அஞ்சுவது உலக மூடமே. நன்மையும் தீமையும் அவரவர் வினையால் வருவன.

கல்லின் ஒளிக்குப் பட்டைகளே காரணம். மார்செல் டோல்கோவ்ஸ்கி என்பார் 1919-இல் வட்ட வடிவ வைரத்தின் பட்டைகள் அமைய வேண்டிய கோணங்களைக் கணக்கிட்டு வெளியிட்டார். இவ்வகைக் கல்லில் பொதுவாக 57 பட்டைகள் உண்டு. கோணம் சரியாக இருப்பின் மேலே புகுந்த ஒளி உள்ளே பிரதிபலித்து மீண்டும் மேலேயே வெளிப்படும். அடி தட்டையாக இருப்பின் ஒளி கீழே வழிந்துவிடும்.

'புளூ ஜாகர்' என்னும் பெயரை நம் மூதாட்டியர் நன்கறிவர். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தில் கிடைத்த நீல ஒளி சார்ந்த வெள்ளைக் கற்களால் வந்த பெயர் அது. அச்சுரங்கம் 1971-இல் மூடப்பட்டது. பெயரை மட்டும் கேட்டு மயங்காமல் கல்லின் சான்றிதழைக் கேட்டல் நன்று.

பொன்னைப் பக்குவம் செய்தல்

தூய பொன் மென்மையானது. கல்லை இறுகப் பற்றாது. ஆதலின் செம்பும் வெள்ளியும் அளவாகக் கலப்பர். 22 காரட் பொன்னில் ஆயிரத்தில் 916 பங்கும், 18 காரட் பொன்னில் 750 பங்கும் தூய பொன் இருக்கும். இங்குக் காரட் என்பது தூய்மையின் அளவு. கல்லின் எடைக்குரிய காரட்டோடு இதனை மயங்கக் கூடாது. வைர அணிகளுக்கு உறுதி கருதி 18 காரட் பொன்னை இன்று மிகுதியாகப் பயன்படுத்துகின்றனர்.

பொன் 1064 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகும். மூசையில் இட்டு, வெங்காரம் தூவி உருக்கி, கட்டியாக வார்ப்பர். பின்னர்ப் பட்டடையில் அடித்தும் உருளையில் இழுத்தும் தகடாக்குவர். கம்பியச்சின் துளைகளில் ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துக் கம்பியாக்குவர். அடிக்க அடிக்கப் பொன் விறைக்கும். ஆகவே இடையிடையே காய்ச்சி இளக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் பொன் வெடிக்கும்.

அணியின் உடலைக் கட்டுதல்

தகட்டை வாளால் அறுத்து, ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சிறு கிண்ணமோ கால்கள் கொண்ட கூடோ செய்து, அவற்றை வரைவின்படி அடுக்கிப் பற்றவைப்பர். பற்றாசு அணியின் பொன்னைவிடக் குறைந்த வெப்பத்தில் உருக வேண்டும். இல்லையேல் அணியே உருகிவிடும். முற்காலத்தில் இதற்குக் காட்மியம் கலந்தனர். 'கே.டி.எம். நகை' என்று பெருமையாகப் பேசப்பட்டது அதுவே. ஆனால் காட்மியப் புகை பட்டறையில் ஊதுகுழல் பிடிப்பவரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஆகவே காட்மியம் இல்லாத பற்றாசே முறையானது. கொல்லாமையைப் போற்றும் நாம் வாங்கும் அணி, செய்பவரின் மூச்சைக் கெடுக்காததாக இருக்க வேண்டாவோ?

கல் பதித்தல்

பற்றவைப்பு முழுதும் முடிந்த பின்னரே கல் பதிக்கப்படும். வைரம் கரியால் ஆனது. காற்றுப் படும்படி மிகுவெப்பத்தில் வைத்தால் எரியும். மேலும் அது பொருள்களில் மிகக் கடியதாயினும் நான்கு திசைகளில் எளிதில் பிளக்கும் இயல்புடையது. ஆதலின் அணியை அரக்கில் பொருத்தி நிலையாக்கி, சிற்றுளியால் ஒவ்வொரு கல்லுக்கும் இருக்கை செதுக்கி, கல்லை அமர்த்தி, பொன் விளிம்பையோ கால்களையோ மெல்ல வளைத்து இறுக்குவர். இருக்கை கோணலானால் கல் ஆடும். மிகுதியாக இறுக்கினால் கல் உடையும். கண்ணும் கையும் ஒன்றிய பயிற்சி இல்லாதார்க்கு இது வாயாது.

நம் பழைய தோடுகள் பல பின்புறம் மூடியவை. கல்லின் அடியில் மெருகிட்ட தகடு வைத்தால் கீழே வழியும் ஒளி திரும்பி வரும், கல் பொலிவுறும். இது நன்முறையே. ஆயினும் குற்றமுள்ள கல்லை மறைக்கவும் அதுவே வாய்ப்பாகும். மூடிய அணி வாங்குவோர், பதிக்கும் முன்னரே கற்களைத் தனியே பார்த்தும் நிறுத்தும் கொள்ளுதல் வேண்டும்.

மெருகும் எடையும்

அரத்தால் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, துளைகளின் உட்புறத்தை நூலால் மெருகிட்டு, பூந்திக்கொட்டை நீரில் கழுவி அணியை முடிப்பர். இல்லத்திலும் அவ்வப்பொழுது அவ்வாறே மென்மையாகக் கழுவலாம். எண்ணெய் படிந்தால் வைரம் மங்கும்.

இறுதியில் எடை. மொத்த எடை 8.280 கிராம், வைரம் 1.40 காரட் என்று கொள்வோம். 1.40 காரட் 0.280 கிராம் ஆகும். ஆகவே பொன்னின் நிகர எடை 8.000 கிராம். இதற்கு மட்டுமே பொன் விலை தர வேண்டும். செய்கூலியும் சேதாரமும் தனியே எழுதப்பட வேண்டும். ஹால்மார்க் முத்திரை 2021 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் ஆறு இலக்க அடையாள எண்ணுடன் இடப்படுகிறது. அது பொன்னுக்கே உறுதி கூறும், கல்லுக்கன்று. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் வைரமும் கரியால் ஆன உண்மை வைரமே. ஆயினும் அதன் விலை மிகக் குறைவு. கண்ணால் வேறுபாடு காண இயலாது. உரிய கருவிகளே காட்டும். ஆதலின் நிலத்தில் விளைந்த கல்லா, வளர்த்த கல்லா என்பது சான்றிதழில் தெளிவாக இருத்தல் இன்றியமையாதது.

முடிவுரை

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அதிகாரத்தில் கள்ளாமை விரதத்தின் ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். அளவைகளைக் கூட்டியும் குறைத்தும் வழங்குதலும், போலியைக் கலந்து விற்றலும் அவற்றுள் அடங்கும். மேலே கண்ட ஒவ்வொரு படியிலும் இவ்விரண்டுக்கும் இடம் உண்டு. மறைக்க வாய்ப்பிருந்தும் மறையாத தொழிலாளரும் வணிகரும் அந்த விரதத்தையே காக்கின்றனர். சிலப்பதிகாரத்தில் ஒருவன் செய்த வஞ்சத்தை அத்தொழில் முழுவதன் மேலும் ஏற்றுதல் முறையன்று. மதுரைத் தெற்காவணி மூல வீதியில் அணி வாங்கச் செல்லும் நம்மவர், கல்லின் சான்றிதழ், பொன்னின் முத்திரை, நிகர எடை ஆகிய மூன்றையும் தயங்காமல் கேட்க வேண்டும். கேட்பது ஐயப்படுவதாகாது. பாண்டியன் முன்னரே சிலம்பைத் திறந்து பார்த்திருப்பின் கோவலன் பிழைத்திருப்பான்.