சிப் முதலில், ஊசி பிறகு

கேள்வி: வல்லம் வடகால் சிப்காட்டில் ஒரு ஜப்பானிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மூன்று வருடப் பணிக்கு ஜப்பானுக்கு மாற்றியிருக்கிறார்கள். இரண்டரை மாதத்தில் கிளம்ப வேண்டும். வீட்டில் நான்கு வயது நாட்டு நாய் இருக்கிறது. வருடம் தவறாமல் ரேபிஸ் ஊசி போட்டு கார்டு வைத்திருக்கிறோம்; சிப் மட்டும் பொருத்தவில்லை. நாயை அங்கே கூட்டிப் போக ஏழு மாதம் ஆகும் என்கிறார் டாக்டர். ஏஜென்ட் ஒருவரோ, “தேதியை நான் பார்த்துக்கொள்கிறேன், கூடவே கூட்டிப் போகலாம்” என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

— ஒரு வாசகர், ஸ்ரீபெரும்புதூர் வட்டம்

பதில்: டாக்டர் சொல்வதையே கேளுங்கள். உங்கள் கார்டில் இருக்கும் நான்கு வருட ஊசிகளும் நாயைக் காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் ஜப்பானின் கணக்கில் அவற்றில் ஒன்றுகூடச் சேராது. இந்த ஊசி இந்த நாய்க்குத்தான் போடப்பட்டது என்பதற்கு அங்கே ஏற்கப்படும் ஒரே அடையாளம், தோலுக்கடியில் இருக்கும் பதினைந்து இலக்க மைக்ரோசிப். ஆகவே சிப் பொருத்திய பிறகு போடும் ஊசியே முதல் ஊசி. அதிலிருந்து 30 நாள் கழித்து, முதல் ஊசியின் காலம் முடிவதற்குள், இரண்டாவது ஊசி. அன்றைக்கே ரத்தம் எடுத்து, ஜப்பான் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்பலாம். எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 ஐயு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து 180 நாள் காத்திருக்க வேண்டும். ஆக மொத்தம் ஏழு மாதம். இதில் எந்தப் படியையும் பணம் கொடுத்துச் சுருக்க முடியாது.

ரத்தப் பரிசோதனையில் தேறிய பிறகும் ஆறு மாதம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்றால் ஊசி வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். ஊசிக்கு முன்பே நாய் கடிபட்டு, கிருமி நரம்பு வழியாக மூளையை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தால் அதை இந்தப் பரிசோதனை காட்டாது. ரேபிஸ் சில வாரங்களிலும் வெளிப்படும், பல மாதம் கழித்தும் வெளிப்படும். அப்படி ஒளிந்திருப்பது வெளியே வருவதற்கான அவகாசம்தான் அந்த 180 நாள். தனக்குள் ரேபிஸ் இல்லாத நாடு இந்த அவகாசத்தைக் கேட்பதில் தவறில்லை. ஜப்பான் 1950-ல் தனிச் சட்டமே போட்டு, 1957-க்குப் பிறகு உள்நாட்டில் விலங்குகளிடம் இந்த நோயே இல்லாமல் செய்தது. 2006-ல் அங்கே ரேபிஸால் இறந்த இருவருமே பிலிப்பைன்ஸில் நாய்க்கடி பட்டவர்கள். நம் நாட்டிலோ ஆண்டுக்குப் பதினெட்டாயிரம் முதல் இருபதாயிரம் பேர் வரை ரேபிஸால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ‘எங்கள் நாய் வாசலைத் தாண்டாது’ என்பது உங்களுக்குத் தெரிந்த உண்மை. விமான நிலையத்தில் நிற்கும் அலுவலருக்கு அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. இந்தியாவை அவமதிக்கிறார்கள் என்ற கோபமும் வேண்டாம். இந்தியாவிலிருந்து போகும் நாய்க்கு பிரிட்டனும் ரத்தப் பரிசோதனையும் மூன்று மாதக் காத்திருப்பும் கேட்கிறது. ஆஸ்திரேலியா இங்கிருந்து நேராக வரவே விடுவதில்லை. அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் விதிகளை இறுக்கியிருக்கிறது.

ஏஜென்ட் ‘பார்த்துக்கொள்கிற’ தேதி ஊசித் தேதியாகத்தான் இருக்கும். ஆனால் ஆய்வக அறிக்கையில் ரத்தம் எடுத்த நாளும் சிப் எண்ணும் அச்சாகியிருக்கும். அதைப் பின்தேதியிட அவரால் முடியாது. கணக்கு உதைத்தால், விடுபட்ட நாட்களை நாய் அங்கே தனிமைப்படுத்தல் காப்பிடத்தில் கழிக்க நேரும். அதிகபட்சம் 180 நாள், செலவு உங்களுடையது. ‘சரி, அங்கேயே இருக்கட்டுமே, நாங்கள் பக்கத்தில்தானே இருப்போம்’ என்று சிலர் சொல்வார்கள். நாயின் பக்கம் நின்று பார்த்தால் இதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. மொழியும் வாசனையும் பழகாத ஒரு அறையில் மாதக்கணக்கில் கிடப்பதைவிட, தெரிந்த வீட்டில் தெரிந்த கையால் சாப்பிட்டுக்கொண்டு அது காத்திருக்கலாம். அம்மாவோ தங்கையோ பார்த்துக்கொள்ள முடியுமென்றால் நீங்கள் முதலில் போங்கள். நாய் எட்டாம் மாதம் வரட்டும். நிறுவனத்திடமும் கேட்டுப் பாருங்கள். வீட்டுச் சாமான் அனுப்பும் செலவை ஏற்பவர்கள் இதையும் ஏற்கக்கூடும். யமஹா போன்ற ஜப்பானியப் பெயர்கள் நிறைந்த இந்தத் தொழில் வட்டாரத்தில், பணி மாற்றக் கடிதத்தோடு இந்த ஏழு மாதக் கணக்கையும் சொல்லிவிடுவது எந்த மனிதவளப் பிரிவுக்கும் பெரிய வேலையில்லை.

காத்திருக்கும் மாதங்களில் செய்ய வேண்டியவை நிறைய உண்டு. நாய் போய் இறங்குவதற்கு 40 நாள் முன்பாவது ஜப்பானின் விலங்கு தனிமைப்படுத்தல் அலுவலகத்துக்கு முன்னறிவிப்பு போய்ச் சேர வேண்டும். கிளம்பும் முன் பத்து நாளுக்குள் உடல் பரிசோதனை. சான்றிதழ்களில் அரசு கால்நடை அலுவலரின் ஒப்புதல் வேண்டும். நம் பகுதிக்கு அது பள்ளிக்கரணையில் உள்ள மத்திய அரசின் விலங்கு தனிமைப்படுத்தல் நிலையம். தனியார் டாக்டரின் ஹெல்த் சர்டிபிகேட் மட்டும் போதாது. இடையில் இறங்கி மாறும் விமானம் என்றால் அந்த நாட்டின் விதியையும் விசாரியுங்கள். கூண்டை மட்டும் கடைசி வாரம் வாங்காதீர்கள். காது கூரையில் இடிக்காமல் நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் வெளியிலிருந்தே ஊற்றும்படி கதவில் பொருந்த வேண்டும். இப்போதே வாங்கி, கதவைத் திறந்து வைத்து, சாப்பாட்டை உள்ளேயே வையுங்கள். தூக்க மருந்து வேண்டவே வேண்டாம். பறக்கும்போது அது மூச்சுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஆபத்து.

இந்த வாரமே சிப் பொருத்திவிடுங்கள். ஊசி போடும் முன் டாக்டரை ஸ்கேனர் வைத்துப் படிக்கச் சொல்லி, கார்டில் அவர் எழுதும் பதினைந்து இலக்கத்தையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஒரு இலக்கம் மாறினாலும் பிறகு எடுக்கும் ரத்தப் பரிசோதனை வேறொரு நாயுடையதாகிவிடும். முதலிலிருந்து ஏழு மாதம் தொடங்க வேண்டியிருக்கும்.