இலக்கண நூலைக் கொண்டு ரஷ்ய மொழியைத் தாமே கற்றல்

ரஷ்ய மொழியைத் தாமாகக் கற்க முனையும் தமிழர் கைக்கு வரும் பாடநூல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டதாகவே இருக்கும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அந்த நூல், பெயர்ச்சொல்லின் ஈறு தொடரில் அதன் பணிக்கேற்ப மாறும் என்பதையே ஒரு புதுமையாகப் பல பக்கங்களுக்கு விளக்கும். எட்டு வேற்றுமைகளைப் பள்ளியில் படித்தவருக்கு அந்த விளக்கம் தேவையில்லை. அதே நூல், தமிழர் உண்மையில் தடுமாறும் இடங்களை இரண்டே வரிகளில் கடந்துவிடும். ஆகவே பாட வரிசையை நூலிடம் விட்டுவிடலாம். எங்கே விரைவது, எங்கே நிற்பது என்பதைக் கற்பவரே முடிவு செய்ய வேண்டும்.

நூலும் கருவிகளும்

முதன்மை நூல் ஒன்றே ஒன்று இருக்கட்டும். அதில் மூன்று அம்சங்கள் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும்: பயிற்சிகளுக்கு விடைகள், ஒவ்வொரு சொல்லிலும் அழுத்தக் குறி, வேற்றுமைகளைப் பல பாடங்களில் பிரித்துத் தரும் அமைப்பு. விடைகள் இல்லாத நூல் ஆசிரியர் இருக்கும் வகுப்புக்கானது. தனியே படிப்பவருக்கு உதவாது. நிக்கலஸ் பிரவுன் எழுதி 1996இல் வெளிவந்த பெங்குவின் ரஷ்யப் பாடநூல் இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. 30 பாடங்களில் அடிப்படை இலக்கணம் முழுவதையும் அது முடித்துவிடுகிறது. ஐயம் வரும்போது புரட்டிப் பார்க்க டெரன்ஸ் வேட் எழுதிய விரிவான ரஷ்ய இலக்கணம் போதும். அது அகராதிபோல் பயன்படுத்த வேண்டிய நூல். முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு போனால் சோர்வுதான் மிஞ்சும்.

காகிதத்திலிருந்து உச்சரிப்பைக் கற்க முடியாது. சொற்களைத் தாய்மொழியினர் குரலில் தரும் ஃபோர்வோ போன்ற தளங்களும், ஒவ்வொரு சொல்லின் வேற்றுமை வடிவங்களையும் அழுத்தத்தோடு காட்டும் விக்சனரியும் இலவசமாகக் கிடைக்கின்றன. புதிய சொல் எதையும் ஒரு முறையாவது காதால் கேட்காமல் குறிப்பேட்டில் சேர்க்கக் கூடாது.

எழுத்தும் ஒலியும்

ரஷ்ய நெடுங்கணக்கில் 33 எழுத்துகள்: உயிர் 10, மெய் 21, தமக்கெனத் தனி ஒலியில்லாத குறிகள் 2. 247 எழுத்துகளோடு பழகியவருக்கு இந்த எண்ணிக்கை ஒரு சுமையே அல்ல. ஆங்கில எழுத்தைப் போன்ற தோற்றமும் வேறு ஒலியும் கொண்டவைதான் தொல்லை தரும். எச் வடிவத்துக்கு ‘ன்’ ஒலி, சி வடிவத்துக்கு ‘ஸ்’, எக்ஸுக்கு ‘ஹ்’, ஒய்க்கு ‘உ’. இவற்றைத் தனியே எழுதிப் பழகிவிட்டால் ஒரு வாரத்தில் தட்டுத்தடுமாறியாவது வாசிக்க வந்துவிடும்.

அச்செழுத்தோடு கையெழுத்து வடிவத்தையும் தொடக்கத்திலேயே கற்பது நல்லது. ரஷ்யர்கள் கூட்டெழுத்தில்தான் எழுதுகிறார்கள். அதில் ‘த்’ எழுத்து ஆங்கில எம் போலவும் ‘இ’ எழுத்து ஆங்கில யு போலவும் தோன்றும். பயிற்சிகளைக் கையால் எழுதியே செய்ய வேண்டியிருப்பதால் இந்த உழைப்பு வீணாகாது.

ரஷ்யச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துவைக்கும் பழக்கம் கூடவே கூடாது. தமிழ் எழுத்து வல்லின ஒலிகளின் அதிர்வு வேறுபாட்டைக் காட்டுவதில்லை. வீடு என்ற ரஷ்யச் சொல்லும், நூல்தொகுதி என்ற ரஷ்யச் சொல்லும் தமிழில் ‘தோம்’ என்றே எழுதப்படும். ரஷ்யருக்கு அவை முதல் ஒலியிலேயே வேறுபடும் இரு சொற்கள். இக்கட்டுரையில் தமிழ் எழுத்தில் வரும் ரஷ்யச் சொற்களும் அடையாளத்துக்கு மட்டுமே.

மெய்யெழுத்துகளில் வன்மை, மென்மை என்றொரு பிரிவு உண்டு. மென்மையாக ஒலிக்கும்போது நாக்கின் நடுப்பகுதி மேலண்ணத்தை நோக்கி எழும்பும். ‘ப்ராத்’ என்பது சகோதரன். ஈற்று மெய்யை மென்மையாக்கினால் ‘எடுக்க’ என்று பொருள் மாறிவிடும். தமிழில் ‘ன்’னுக்கும் ‘ஞ்’சுக்கும் உள்ள தொலைவை நினைத்துக்கொண்டால் இந்த வேறுபாடு பிடிபடும். ஆங்கிலேயர் மிகவும் திணறும் ஓர் உயிரொலிக்குத் தமிழில் நெருங்கிய உறவு இருக்கிறது: ‘காது’, ‘ஆறு’ என்று பேச்சில் முடிக்கும்போது உதடு குவியாமல் வரும் குற்றியலுகரம். அங்கிருந்து நாக்கைச் சற்று முன்னே நகர்த்தினால் ரஷ்ய ஒலி வந்துவிடும்.

அழுத்தம்தான் தமிழருக்கு உண்மையில் புதிது. அழுத்தம் விழாத ‘ஒ’ தளர்ந்து ‘அ’ போல ஒலிக்கும். பால் என்ற சொல் எழுத்தில் ‘மொலொகோ’, வாயில் ‘மலகோ’. அழுத்தம் இடம் மாறினால் பொருளும் மாறக்கூடும்: ‘ஸாமக்’ கோட்டை, ‘ஸமோக்’ பூட்டு, எழுத்தில் இரண்டும் ஒன்றே. நாளிதழ்களிலும் புதினங்களிலும் அழுத்தக் குறி இராது. ஆகவே குறிப்பேட்டில் அழுத்தம் இடாத சொல் முழுமையாகக் கற்ற சொல் ஆகாது.

ஒரு பாடத்தைப் படிக்கும் முறை

பாடத்தின் உரையாடலையோ பத்தியையோ முதலில் வாசித்து, தெரிந்த சொற்களின் ஈறுகள் எங்கெல்லாம் மாறியிருக்கின்றன என்று அடிக்கோடிட வேண்டும். அதன் பிறகே விதிகளுக்குப் போக வேண்டும். கண்ணால் கண்ட மாற்றத்துக்குக் காரணம் சொல்லும் விதி மனத்தில் நிற்கும். வெறும் அட்டவணை நிற்காது. அட்டவணையின் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு குறுந்தொடரை எழுதி அதை மனப்பாடம் செய்வது பலன் தரும். பயிற்சிகளை நூலைப் பாராமல் எழுதி, விடையோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில் காரணத்தைக் குறிக்க வேண்டும்: பால் தவறா, வேற்றுமை தவறா, எழுத்துப்பிழையா என்று. சில பாடங்களுக்குப் பிறகு அந்தக் குறிப்புகளே எந்த இடத்தை மீண்டும் படிக்க வேண்டும் என்று காட்டிவிடும். கடைசியாக, பாடத் தொடர்களைத் தமிழில் எழுதிவைத்து, ஒரு வாரம் கழித்து அந்தத் தமிழிலிருந்து ரஷ்யத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

இடையில் ஆங்கிலத்தை நுழைக்காததற்கு வலுவான காரணம் உண்டு. ‘அவன் மாணவன்’ என்பதில் தமிழில் வினை இல்லை, ரஷ்யத்திலும் இல்லை. ‘என்னிடம் புத்தகம் இருக்கிறது’ என்ற தொடரின் அமைப்பு ரஷ்யத்தில் அப்படியே உண்டு. ‘வைத்திருக்கிறேன்’ என்று சுற்றிவர வேண்டியதில்லை. ‘எனக்குப் பிடிக்கிறது’, ‘எனக்குக் குளிர்கிறது’, ‘எனக்கு இருபது வயது’ எல்லாவற்றிலும் ரஷ்யமும் நான்காம் வேற்றுமையைத்தான் வைக்கிறது. நீ, நீங்கள் என்ற மரியாதை வேறுபாடும் இரு மொழிக்கும் பொது. ஆங்கிலத்தின் வழியே போகிறவர் இவற்றை விதிவிலக்குகளாகக் கற்றுக்கொள்ள நேரும்.

வேற்றுமைகள்

ரஷ்யத்தில் வேற்றுமை ஆறு. புத்தகம் என்று பொருள்படும் ‘க்னீகா’வை வைத்துப் பார்க்கலாம். க்னீகா எழுவாய், க்னீகு ‘புத்தகத்தை’, க்னீகய் ‘புத்தகத்தால்’, க்னீகெ ‘புத்தகத்துக்கு’, க்னீகி ‘புத்தகத்தின்’. இடப்பொருள் வேற்றுமையிலும் க்னீகெதான், ஆனால் அது முன்னிடைச்சொல் இல்லாமல் வராது. தமிழில் ‘ஐ’ என்ற உருபு எந்தப் பெயரோடும் ‘ஐ’யாகவே சேரும். ரஷ்யத்தில் பால், எண், ஈற்றெழுத்து மூன்றையும் பொறுத்து வேற்றுமை ஈறு மாறும். கருத்து எளிது, வடிவங்கள் கடினம் என்று தெரிந்துகொண்டு, நேரம் முழுவதையும் வடிவங்களுக்கே தர வேண்டும்.

மூன்றாம் வேற்றுமையில் ஒரு நல்ல ஒற்றுமை காத்திருக்கிறது. ‘பேனாவால்’ என்ற கருவிப் பொருளையும் ‘சகோதரனோடு’ என்ற உடனிகழ்ச்சிப் பொருளையும் தமிழ் இலக்கணம் ஒரே வேற்றுமையில் வைக்கிறது, ரஷ்யமும் அப்படியே. இரண்டாவதற்கு முன்னால் ‘ஸ்’ என்ற இடைச்சொல் சேரும், அவ்வளவுதான். செயப்படுபொருளிலும் இதுபோல ஒன்று உண்டு. ‘புத்தகம் படித்தேன்’ என்று உருபு தொகலாம். ‘தம்பி பார்த்தேன்’ என்றால் தமிழ் ஆகாது. ரஷ்ய ஆண்பாற் பெயர்களில் உயிரற்றவை செயப்படுபொருளானால் எழுவாய் வடிவிலேயே நிற்கும், உயிருள்ளவை மாறும். மேசையைப் பார்க்கிறேன் என்பது ‘வீஜு ஸ்தோல்’, சகோதரனைப் பார்க்கிறேன் என்பது ‘வீஜு ப்ராத்தா’. விலங்குகளும் அங்கே உயிருள்ளவற்றில் அடங்கும்.

தமிழே காலை வாரிவிடும் இடங்களும் உண்டு. ‘மாஸ்கோவுக்குப் போகிறேன்’ என்பதில் நான்காம் வேற்றுமையைப் போடத்தான் கை நீளும். ரஷ்யம் அங்கே இரண்டாம் வேற்றுமையைக் கேட்கிறது: ‘வ் மஸ்க்வூ’. ‘மாஸ்கோவில்’ என்பது ‘வ் மஸ்க்வே’. ஓர் ஆளிடம் போவதானால் மட்டும் நான்காம் வேற்றுமை. தமிழின் ஐந்தாம் வேற்றுமைக்கு ரஷ்யத்தில் தனி வடிவம் கிடையாது. ‘மாஸ்கோவிலிருந்து’ என்பதை ஆறாம் வேற்றுமையும் ஓர் இடைச்சொல்லும் சேர்ந்து சொல்லும். ‘புத்தகம் இல்லை’ என்று மறுக்கும்போதும் புத்தகம் ஆறாம் வேற்றுமைக்குப் போய்விடும். எண்களுக்குப் பின்னும் அதுவே: இரண்டு, மூன்று, நான்குக்குப் பின் ஆறாம் வேற்றுமை ஒருமை, ஐந்து முதல் பன்மை. இந்தப் பன்மை வடிவங்களே பெயர்ச்சொல் பகுதியில் மிகக் கடினமானவை. இங்கே இரண்டு மூன்று வாரம் தங்கினாலும் தவறில்லை.

பாலும் பெயரடையும்

தமிழ் பொருளைப் பார்த்துப் பாலைச் சொல்கிறது; ரஷ்யம் சொல்லின் ஈற்றைப் பார்க்கிறது. மெய்யில் முடியும் மேசை ஆண்பால், ‘ஆ’வில் முடியும் புத்தகம் பெண்பால், ‘ஓ’வில் முடியும் ஜன்னல் நடுப்பால். மென்மைக் குறியில் முடிபவை ஆணாகவோ பெண்ணாகவோ இருக்கலாம் என்பதால் அவற்றைப் பாலோடு சேர்த்தே குறிக்க வேண்டும். ‘புதிய’ என்ற தமிழ்ப் பெயரடை எதன் முன்னும் மாறாது. ரஷ்யத்தில் நோவி ஸ்தோல், நோவயா க்னீகா, நோவயே அக்னோ என்று பாலுக்கேற்ப மாறும். ‘புதிய புத்தகத்தை’ என்னும்போது ‘நோவுயு க்னீகு’ என்று வேற்றுமைக்கேற்பவும் மாறும். தமிழருக்கு இயல்பாக வராத பகுதி இதுவே. பெயரைத் தனியே எழுதிப் பழகாமல், எப்போதும் ஒரு பெயரடையோடு சேர்த்து எழுதுவதுதான் இதற்கு மருந்து.

வினைகள்

ரஷ்ய வினைகளில் பெரும்பாலானவை இணைகளாக வரும்: செயல் நடந்துகொண்டிருப்பதையோ வழக்கமாக நடப்பதையோ சொல்வது ஒன்று, முடிந்ததைச் சொல்வது மற்றொன்று. ‘சித்தாத்ய்’, ‘ப்ரசித்தாத்ய்’ இரண்டும் படித்தல்தான். ‘நேற்றுப் படித்தேன்’, ‘படித்துவிட்டேன்’ என்ற வேறுபாடு இதற்கு ஓரளவு வழிகாட்டும். முழுவதும் பொருந்தாது, முடிவுற்ற வினைக்கு நிகழ்காலமே கிடையாது, அதன் நிகழ்கால ஈறுகள் எதிர்காலத்தைக் குறிக்கும். வினைகளை முதல் நாளிலிருந்தே இணையாக எழுதிவைக்காதவர் பின்னால் எல்லாவற்றையும் திரும்பக் கற்க நேரிடும். வினை எந்த வேற்றுமையைக் கேட்கிறது என்பதையும் அருகிலேயே குறிக்க வேண்டும்.

‘போ’ என்ற ஒரே தமிழ் வினைக்கு ரஷ்யத்தில் குறைந்தது நான்கு வினைகள்: நடந்து ஒரு திசையில், நடந்து வழக்கமாக, வண்டியில் ஒரு திசையில், வண்டியில் வழக்கமாக. முன்னொட்டுகள் சேர்ந்தால் இவை இன்னும் பெருகும். முதலில் இந்த நான்கை மட்டும் அன்றாடப் போக்குவரத்தைச் சொல்லிப் பழகி உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

நூலின் கடைசிப் பாடங்களில் வரும் பெயரெச்சமும் வினையெச்சமும் ஆங்கில மாணவரை அச்சுறுத்தும். ‘படிக்கும் சிறுவன்’, ‘படித்துவிட்டு வந்தான்’ என்று நாளும் பேசுபவருக்கு அமைப்பு புதிதல்ல. ரஷ்யத்தில் அவை பெரும்பாலும் எழுத்து நடைக்கு உரியவை. அடையாளம் கண்டுகொள்ளும் அளவுக்குத் தெரிந்தால் முதலில் போதும்.

நூலுக்குப் பின்

முக்கால் பாடங்கள் முடிந்ததும் வாசிப்பைத் தொடங்கலாம். டால்ஸ்டாய் உழவர் குழந்தைகளுக்காக 1872இலும் 1875இலும் வெளியிட்ட அரிச்சுவடி நூல்களில் குறுந்தொடர்களால் ஆன சிறுகதைகள் இருக்கின்றன. சொற்கள் எளியவை, இலக்கணம் முழுமையானது. அவற்றை முடித்த பிறகு செகாவுக்குப் போகலாம். தமிழ் மொழிபெயர்ப்பில் ஏற்கெனவே படித்த கதையை மூலத்தில் எடுத்தால் அகராதியைப் புரட்டும் வேலை பாதியாகக் குறையும்.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுவோர் ரஷ்யத்தில் தொழில்முறைத் தேர்ச்சி பெற 44 வாரங்கள், ஏறக்குறைய 1,100 வகுப்பு மணி நேரம் ஆகும் என்று கணக்கிடுகிறது. நாளுக்கு ஒரு மணி நேரம் படிப்பவர் அந்த நிலையைச் சில மாதங்களில் எதிர்பார்க்கக் கூடாது. வாசிக்கும் திறன் அதைவிட முன்னதாகவே வந்துவிடும். பேச்சை மட்டும் எந்த இலக்கண நூலும் தராது. அதற்கு ஆள் வேண்டும். மருத்துவம் படிக்க ரஷ்யா செல்லவிருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடாமல், பாடநூலின் பாதியிலேயே பேச்சுத்துணையைத் தேடிக்கொள்ள வேண்டும். சென்னை ஆழ்வார்பேட்டையிலுள்ள ரஷ்ய மாளிகையில் ரஷ்ய மொழி வகுப்புகள் நடக்கின்றன.