மறதி நோயாளியின் கைக்கு என்ன கொடுப்பது?

பகலெல்லாம் திண்ணையில் அமைதியாக இருக்கும் ஆயா, பொழுது சாய்ந்ததும் முந்தானையைப் பிசைந்துகொண்டே "எங்க ஊட்டுக்குப் போவணும்" என்று கதவைத் தட்டத் தொடங்குவார். டிமென்ஷியா என்னும் மறதி நோய் வந்தவரை வைத்துப் பார்க்கும் வீடுகளுக்கு இந்த நேரம்தான் பெரும்பாடு. அப்போது ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள்.

நம்பிக்கை: வயதானால் குழந்தையாகிவிடுவார்கள், ஒரு பொம்மை போதும்.

உண்மை: டிமென்ஷியா என்பது மூப்பல்ல, மூளையைத் தாக்கும் நோய். 2023இல் வெளியான தேசிய ஆய்வு, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இது இருப்பதாகக் கணித்தது. பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு சிலர் அமைதியடைவது உண்மைதான். அவராக எடுத்தால் இருக்கட்டும். மற்றவர்கள் பார்த்துச் சிரிக்க அதைத் திணிப்பது அவமதிப்பு.

பெயரும் நாளும் மறந்த பிறகும், ஆண்டுக்கணக்கில் செய்த வேலை கையில் நெடுநாள் தங்கும். தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் சுமந்தவரிடம் பழைய பருத்திச் சேலையைக் கொடுங்கள். முறுக்கிச் சும்மாடு சுற்றுவார், பிரிப்பார், மறுபடி சுற்றுவார். கேழ்வரகு புடைத்தவருக்கு வெறும் முறமே போதும். தருமபுரியில் பட்டுப்புழு வளர்த்தவர்கள் நிறைய. மருந்து தெளிக்காத நாலு மல்பெரிக் கொப்பு கிடைத்தால் இலையைக் கிள்ளிக் கூடையில் போட்டபடி இருப்பார்கள். மாசி, பங்குனியில் புளி தட்டிய கைகளுக்குப் புளியையே கொடுக்கலாமே என்று தோன்றும். ஆனால் கொட்டை தொண்டையில் சிக்கும். பக்கத்தில் ஆளில்லாமல் கொடுக்க வேண்டாம். பாசிமணி, பொத்தான், நீளக் கயிறு எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான்.

நம்பிக்கை: வெளிநாட்டுச் சாதனங்கள்தான் பலன் தரும்.

உண்மை: ஒளியும் ஓசையும் நிறைந்த புலன் அறைகள் 1970களில் நெதர்லாந்தில் உருவாயின. ஜப்பானில் கடல்நாய்க் குட்டி வடிவில் ரோபோ செய்தார்கள். பிரிட்டன் மருத்துவமனைகளில், பொத்தானும் நாடாவும் தைத்த கம்பளிக் கையுறையைக் கொடுக்கிறார்கள். விலைக்கேற்ப அமைதி கூடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கையில் கொடுப்பது அவர் வாழ்ந்த வாழ்க்கையோடு ஒட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம்பிக்கை: பழைய பாட்டும் மல்லிகை வாசமும் எந்த ஆவேசத்தையும் அடக்கிவிடும்.

உண்மை: இசை மனச்சோர்வைக் குறைக்க உதவலாம், ஆவேசத்தின் மீது அதற்குப் பெரிய பலன் தெரியவில்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2018 மதிப்பாய்வு சொல்கிறது. வாசனையைப் பொறுத்தவரை, டிமென்ஷியா வகைகளில் ஒன்றான அல்சைமர் நோயில் மோப்ப உணர்வு பெரும்பாலும் தொடக்கத்திலேயே மங்கத் தொடங்கும். பூவை முகர்ந்தும் முகம் மலரவில்லை என்றால் அது அவர் பிடிவாதமல்ல.

நம்பிக்கை: அடங்காவிட்டால் மாத்திரை இருக்கவே இருக்கிறது.

உண்மை: ஆவேசத்தை அடக்கக் கொடுக்கும் மனநோய் மருந்துகள், டிமென்ஷியா உள்ள முதியவர்களின் இறப்பு அபாயத்தைக் கூட்டுவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005இலேயே எச்சரித்தது. மருத்துவர் எழுதாமல் எதையும் கடையில் வாங்கித் தராதீர்கள். நேற்றுவரை அமைதியாக இருந்தவர் இன்று திடீரென்று கத்தினால், சேலையும் முறமும் தீர்வல்ல. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், பல்வலி, உடலில் நீர் வற்றியது என எதுவும் காரணமாகலாம். அவரால் சொல்ல முடியாது. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள்.